கிழிந்த ரத்தக்குழாய்

1878-ஆம் ஆண்டு. வட இத்தாலியின் டூரின் வட்டாரத்துக் கோழிக்கூடுகளில் ஒரு சீக்கு புகுந்தது. காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. கொண்டை கறுத்து நீலம் பாய்ந்தது, தலை வீங்கியது. மறுநாள் கூட்டைத் திறந்தால் கால் விறைத்துக் கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, கூடு மொத்தமும். டூரினில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த எடோர்டோ பெரோஞ்சிட்டோ அதைப் பார்த்து எழுதிவைத்தார். சாதாரண ஆள் அல்ல அவர். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்கம் போட்ட தொழிலாளர்கள் ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தபோது, காரணம் கொக்கிப்புழு என்று பின்னாளில் கண்டு சொன்னவர். ஆனால் இந்தக் கோழிச் சீக்குக்கு என்ன காரணம் என்பது மட்டும் அவர் கைக்குச் சிக்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருந்தது. கோழிகளைக் கூண்டோடு அழிக்கும் இன்னொரு நோய் ஏற்கெனவே ஊரில் இருந்தது: கோழிக் காலரா. அது பாக்டீரியா, நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும். இரண்டு நோயையும் ஒன்றாகவே பலரும் நினைத்தார்கள். 1880-ல் ரிவோல்ட்டா, டெல்பிராட்டோ என்ற இரண்டு இத்தாலியர்கள்தான் இவை வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அப்படியானால் புது நோயின் கிருமி எங்கே? செத்த கோழியின் ரத்தத்தை எத்தனை முறை உருப்பெருக்கிப் பார்த்தாலும் கண்ணாடித் தகட்டில் ஒன்றுமே இல்லை.

இருபது ஆண்டுகள் போயின. 1901-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் நோயுற்ற கோழியின் திரவத்தை பாக்டீரியாவையே தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார்கள். அடியில் சொட்டிய தெளிந்த நீரை நல்ல கோழிக்கு ஊசி போட்டார்கள். கோழி செத்தது. பாக்டீரியாவைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று வடிகட்டியின் துளை வழியே நழுவி வந்திருக்கிறது! 'வைரஸ்' என்ற சொல்லுக்கே இன்று நாம் அறியும் பொருள் அப்போது முழுதாக வந்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு கோழிக் கண்காட்சி நடந்தது. நாலா பக்கமிருந்தும் வந்த சாதிக் கோழிகள் கூண்டுகளில் வரிசையாக நின்றன. நடுவில் சீக்கு தலைகாட்டியது. பதறிப்போன நிர்வாகம் கண்காட்சியை மூடியது. அதோடு நின்றிருந்தால் பிழைத்தது. கோழிகளை எல்லாம் அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.

அதன்பின் ஜெர்மனி முழுக்க என்ன நடந்தது என்பதை விவரிக்கத் தேவையில்லை. கோழி எங்கே போகிறது, யார் கூண்டில் போகிறது, எந்த வண்டியில் போகிறது என்பதைப் பார்க்காமல் இந்த நோயைப் பிடிக்க முடியாது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. அதைக் கற்றுக்கொள்ள இன்னும் நூறு ஆண்டு ஆனது வேறு விஷயம். நோய்க்குக் 'கோழிக் கொள்ளைநோய்' என்று பெயரும் நிலைத்தது. பெயர் வந்ததும் இன்னொரு வில்லன் மேடை ஏறினான்.

1926-ல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை ஊரான ராணிக்கெட்டிலும் கோழிகள் கும்பல் கும்பலாகச் செத்தன. இதுவும் வடிகட்டியில் நழுவும் கிருமிதான், இதுவும் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். ஆனால் கொள்ளைநோயிலிருந்து தப்பிய கோழிக்கு இது வந்தது, இதிலிருந்து தப்பிய கோழிக்குக் கொள்ளைநோய் வந்தது. அதாவது இரண்டும் வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் வெள்ளைக் கழிச்சல் என்றும், பண்ணைக்காரர்கள் ராணிக்கெட் என்றும் சொல்லும் நோய் இதுதான். செத்துக் கிடக்கும் கோழியை வெளியிலிருந்து பார்த்து, கொன்றவன் இவனா அவனா என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு கொலைகாரர்கள், ஒரே மாதிரி பிணங்கள். இவர்களைப் பிரித்தறியும் வழி கோழிப் பண்ணையில் கிடைக்கவில்லை. அது கிடைத்தது மனிதர்களின் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்த ஓர் இடத்தில்.

1918-ன் ஃப்ளூ காய்ச்சல் உலகையே சுடுகாடாக்கிவிட்டுப் போயிருந்தது. அதன் கிருமியைத் தேடிய வேட்டையில் 1933-ல் லண்டன் ஆய்வாளர்கள் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் வென்றார்கள். நோயாளியின் தொண்டை நீரைக் கீரி போன்ற ஃபெரட் என்னும் பிராணியின் மூக்கில் விட்டதும், அது மனிதரைப் போலவே மூக்கொழுகிக் காய்ச்சலில் படுத்தது. கிருமி பிடிபட்டது, சரி. ஆனால் ஃபெரட்டை வைத்து ஆராய்ச்சி செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. கடிக்கும், விலை அதிகம், ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும். 1936-ல் இந்தக் குழுவில் இருந்த ஓர் ஆய்வாளருக்கு ஃபெரட்டின் தும்மலிலிருந்தே காய்ச்சல் தொற்றியது. மலிவாக, சுத்தமாக, தும்மாத ஏதாவது ஒரு பாத்திரம் தேவைப்பட்டது.

அந்தப் பாத்திரம் எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 1931-ல், எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் ஆலிஸ் வுட்ரஃபும் கோழி அம்மைக் கிருமியை அடைகாத்த முட்டைக்குள் செலுத்தி வளர்த்துக் காட்டினார்கள். ஓடு மூடிய முட்டைக்குள் வேறு கிருமி கிடையாது. கரு உயிரோடு இருக்கிறது, உயிரணுக்கள் பெருகுகின்றன, வைரஸுக்கு வேண்டியதெல்லாம் தயார். சில ஆண்டுகளில் மெல்போர்னில் மக்ஃபர்லேன் பர்னெட் மனித ஃப்ளூ கிருமியையும் முட்டையில் வளர்த்துவிட்டார். கூமுட்டை வேலைக்கு ஆகாது, கரு கூடிய முட்டைதான் வேண்டும். ஆய்வகங்களின் வாசலில் முட்டைக் கூடைகள் வந்து இறங்கின. ஆனால் எந்த முட்டைக்குள் கிருமி பெருகியிருக்கிறது, எதில் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளிருக்கும் நீரை மறுபடி ஒரு பிராணிக்கு ஊசி போட்டு, அது நோயில் விழுகிறதா என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். முட்டை வந்தும் ஃபெரட்டும் எலியும் போகவில்லை.

இந்த முட்டைக் கூடைகளில் ஒன்று 1941-ல் நியூயார்க்கில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில், ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவரின் மேசையில் இருந்தது. வயது முப்பத்திரண்டைத் தாண்டாத மருத்துவர். பத்து, பதினோரு நாள் அடைகாத்த முட்டையில் சிறு துளை போட்டு ஃப்ளூ கிருமியைச் செலுத்தினார். இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்தார். பிறகு ஓட்டின் தலைப்பகுதியைத் திறந்து, கருவைச் சுற்றியுள்ள பையிலிருந்து தெளிந்த நீரை உறிஞ்சி எடுத்தார். அந்தப் பையைச் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய்கள் சிலந்தி வலைபோல ஓடும். கருவி கொஞ்சம் பிசகினால் போதும், குழாய் கிழிந்து நீரில் ரத்தம் கலந்துவிடும். சுத்தமான நீர் வேண்டும் என்பவருக்கு இது எரிச்சலூட்டும் விபத்து. இப்போதெல்லாம் திறப்பதற்கு முன் முட்டையைக் குளிர்பெட்டியில் வைத்துக் குழாய்களைச் சுருங்க வைத்துவிடுகிறார்கள், ரத்தம் கசிவதில்லை. ஹர்ஸ்டின் மேசையில் கசிந்தது. நல்லவேளை.

கலங்கிய நீரைக் கீழே கொட்டியிருக்கலாம். அவர் பார்த்தார். சிவப்பணுக்கள் வழக்கம்போல நீரில் பரவி மிதக்காமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு சிறு கட்டிகளாகத் திரண்டிருந்தன. பால் திரிந்தாற்போல. கிருமி செலுத்தாத முட்டையிலும் ரத்தம் கசிந்தது, அதில் அணுக்கள் திரளவில்லை. கிருமி இருந்த முட்டையில் மட்டும்தான் இந்த வேடிக்கை. ஃப்ளூ கிருமியின் உடம்பெங்கும் ஒட்டும் கொக்கிகள் இருக்கின்றன என்பதும், ஒரே கிருமி இந்தப் பக்கம் ஓர் அணுவையும் அந்தப் பக்கம் ஓர் அணுவையும் பிடித்துக்கொண்டு வலை பின்னிவிடுகிறது என்பதும் மெல்ல விளங்கியது. அதே ஆண்டில் கனடாவின் டொரோன்டோவில் லாரெல்லா மெக்லெலண்டும் ரொனால்ட் ஹேரும் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு கண்டுபிடிப்புக்கு நேரம் வந்துவிட்டால் அது ஒரே வாசலில் மட்டும் கதவு தட்டுவதில்லை போலும்.

ஹர்ஸ்ட் இந்த விபத்திலிருந்து ஒரு சோதனையை உருவாக்கினார். அதைப் போல எளிமையான சோதனை வைரஸ் உலகில் வேறில்லை என்றே சொல்லலாம். சின்னக் குழியில் முட்டை நீரை விட்டு, அதோடு கழுவிய கோழி ரத்த அணுக்களைச் சேர்த்து அரைமணி, முக்கால்மணி நேரம் அசைக்காமல் வைத்தார்கள். கிருமி இல்லையென்றால் அணுக்கள் தம் பாரத்தில் இறங்கிக் குழியின் அடியில் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துகொண்டன. கிருமி இருந்தால் ஒன்றையொன்று பிடித்து வலையாகிக் குழி முழுக்கப் படர்ந்து நின்றன. பொட்டு என்றால் இல்லை, படர்வு என்றால் உண்டு. நுண்ணோக்கி வேண்டாம், ஃபெரட் வேண்டாம், வெறும் கண் போதும். ஆனால் இந்தச் சோதனையின் உண்மையான வித்தை இதற்கடுத்த படியில்தான் இருந்தது.

ஒரு முறை நோய் வந்து பிழைத்த உயிரின் ரத்தத்தில் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு அமுக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த சீரத்தைக் கிருமியோடு முதலில் சேர்த்துவிட்டு, பிறகு சிவப்பணுக்களை விட்டால்? எதிர்ப்பொருள் போய்க் கொக்கிகளை மூடிக்கொண்டது. கிருமி இருந்தும் அணுக்கள் திரளவில்லை, பொட்டு விழுந்தது. ஆனால் அதே கிருமிக்கு எதிரான சீரம் என்றால்தான் இது நடந்தது. வேறு கிருமியின் சீரம் என்றால் கொக்கி மூடவில்லை, வலை படர்ந்தது. பூட்டும் சாவியும் மாதிரி. முகம் தெரியாத கிருமி ஒன்று கையில் இருந்தால், அலமாரியிலுள்ள சீரங்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, எதில் பொட்டு விழுகிறதோ அதுதான் இதன் பெயர் என்று சொல்லிவிடலாம். அலமாரியில் சரியான சாவி இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த நிபந்தனை எவ்வளவு பெரியது என்பது தெரிய ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மறு ஆண்டே ஹர்ஸ்ட் இன்னொன்றையும் கவனித்தார். திரண்ட அணுக்களை உடல் வெப்பத்தில் வைத்தால் சிறிது நேரத்தில் கட்டு அவிழ்ந்து பிரிந்தன. அதே அணுக்களோடு மறுபடி கிருமியைச் சேர்த்தால் ஒட்டவில்லை. கிருமி தான் பற்றிய இடத்தைத் தானே அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஒட்டுவதற்கு ஒரு கொக்கி, அறுப்பதற்கு ஒரு கத்திரி. இந்தக் கத்திரி ஒரு நொதி என்பதை மெல்போர்னில் பர்னெட்டும் அவருடன் இருந்த ஆல்ஃபிரெட் காட்சாக்கும் பிந்திய ஆண்டுகளில் நிறுவினார்கள்.

அதே மெல்போர்ன் ஆய்வகத்தில் டோரா லஷ் என்ற பெண் ஆய்வாளர் இருந்தார். கோழி ரத்தம் மனிதக் காய்ச்சலின் கிருமியைக் காட்டிக்கொடுக்கிறதே, கோழியின் சொந்தச் சீக்குகளைக் காட்டுமா? இரண்டு பழைய கொலைகாரர்களையும், ராணிக்கெட் கிருமியையும் கொள்ளைநோய்க் கிருமியையும், அவர் கோழிச் சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டுமே திரட்டின! நுண்ணோக்கிக்குப் பிடிபடாமல் அறுபது ஆண்டுகளாக ஆட்டம் காட்டிய கிருமி, கோழியின் ரத்தத்திலேயே கைரேகை வைத்துவிட்டது. 1943-ல் அந்தக் கட்டுரை அச்சானது. அதே ஆண்டு ஏப்ரலில் வேறோர் ஆய்வுக்காக, போர்முனை வீரர்களை வாட்டிய புதர்க் காய்ச்சலின் கிருமியை எலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஊசி அவர் விரலில் ஏறியது. அந்தக் காய்ச்சலுக்கு அன்று மருந்து இல்லை. மே 20-ஆம் தேதி டோரா லஷ் இறந்தார். படுக்கையில் கிடந்தபோதும் தன் ரத்தத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வயது 32.

அவர் விட்ட இடத்தில் ஒரு கேள்வி தொங்கியது. கொள்ளைநோய்க் கிருமி ஃப்ளூவின் உறவுக்காரனா? திரட்டுவது மட்டும் உறவை நிரூபிக்காது, ராணிக்கெட் கிருமியும்தான் திரட்டுகிறது, அது வேறு குடும்பம். பதில் 1955-ல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் வந்தது. வெர்னர் ஷேஃபர் கிருமியின் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே இருந்த புரதத்தை எடுத்து, மனித ஃப்ளூ கிருமியின் உள்புரதத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்று. மேலே போர்த்தியிருந்த சட்டைதான் வேறு. 1878-ல் டூரின் கோழிகளை அள்ளிக்கொண்டு போனதும் 1918-ல் மனிதர்களை அள்ளிக்கொண்டு போனதும் ஒரே குலத்துப் பிள்ளைகள். 77 ஆண்டுகளுக்குப் பிறகு கொலைகாரனின் குலம் தெரிந்தது. அவன் எங்கே குடியிருக்கிறான் என்பது இன்னும் தெரியவில்லை.

1959-ல் ஸ்காட்லாந்தில் கோழிகள் செத்தன. கிருமி இதே குலம்தான், ஆனால் டூரின் வகைக்கான சாவி இதற்குப் பொருந்தவில்லை, சட்டை புதிது. 1961-ல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலா என்னும் கடற்பறவைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. அவற்றின் கிருமியை எடுத்துப் பார்த்தால், ஸ்காட்லாந்துக் கோழியின் அதே சட்டை! எந்தக் கோழிப் பண்ணைக்கும் போகாத கடற்பறவைக்கு இது எப்படி வந்தது?

ஆஸ்திரேலியக் கடற்கரையில் 1960-களின் பின்பாதியில் ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காலார நடந்துபோனபோது, கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகச் செத்த கடற்பறவைகள் மணலில் கிடந்ததைப் பார்த்தார்கள். ஃப்ளூவாக இருக்குமோ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் சிரித்திருக்கக்கூடிய சந்தேகம். பவளத் தீவுகளுக்குப் போய்க் கடற்பறவைகளைப் பிடித்து, தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள். 1972-ல் பிடிபட்டது கிருமி. அது வந்த பறவைக்கு நோயின் அறிகுறியே இல்லை. பிறகு கனடா ஏரிகளின் காட்டு வாத்துகளிலும் அதுவே தெரிந்தது. கிருமி வாத்தின் குடலில் சாதுவாகக் குடியிருந்து, எச்சத்தோடு நீரில் இறங்கி, அடுத்த வாத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வில்லனின் வீடு வாத்தின் குடல். கோழிக்கூட்டுக்கு அவன் வந்தது விருந்தாளியாக. வீட்டைத் திறந்து பார்த்ததும் ஒரு புதுத் தலைவலி ஆரம்பமாயிற்று: உள்ளே இத்தனை சட்டைகளா!

பெயரிடுவதில் ஏற்பட்ட கூத்து அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தது. 1971-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை வகுத்தது. ஒட்டும் கொக்கிக்கு, ரத்தத்தைத் திரட்டுவது என்ற பொருளில், ஹீமக்ளூட்டினின் என்று பெயர். அதன் முதலெழுத்து எச். மனிதனிடம் எடுத்தால் எச்0, எச்1 என்று எண்கள். பன்றியிடம் எடுத்தால் எச்எஸ்டபிள்யூ. குதிரைக்கு எச்இக்யூ. பறவைக்கு எச்ஏவி. அதாவது கிருமியின் பெயரில் அது பிடிபட்ட வீட்டின் முகவரியும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கிருமிக்கு அந்த எல்லைகள் தெரியவில்லை. மனிதனுடையது ஒன்றும் பன்றியுடையது ஒன்றும் சோதித்தால் ஒரே சாவிக்குத் திறந்தன. ஒரே ஆள் இரண்டு, மூன்று ரேஷன் கார்டு வைத்திருந்த கதை. 1980-ல் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, முகவரியைக் கழற்றிவிட்டு, வெறும் எண் மட்டும் கொடுத்தார்கள். டூரின் காலத்துக் கொள்ளைநோய் எச்ஏவி1-ஆக இருந்தது, அதற்கு எச்7 என்று புது எண் விழுந்தது. ஸ்காட்லாந்துக் கோழியும் ஆப்பிரிக்க ஆலாவும் எச்ஏவி5. அதற்குப் பழைய எண்ணே நிலைத்தது: எச்5. அறுக்கும் கத்திரியின் பெயர் நியூராமினிடேஸ், அதற்கு என். ஸ்காட்லாந்துக் கோழியின் கத்திரி ஒன்றாம் வகை. ஆக அந்தக் கோழியைக் கொன்றவன் பெயரை முழுதாக எழுதினால் எச்5என்1. பறவைக் காய்ச்சல் செய்தியில் வரும் எச் எழுத்தை எச்சத்தோடு முடிச்சுப்போட்ட ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். பொருத்தமான தவறு. உண்மையில் அது ஹர்ஸ்டின் முட்டையில் கசிந்த ரத்தத்தின் எழுத்து.

பெயர் எல்லாம் சொல்லிவிடாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எச்5என்2 வகை கோழிகளுக்கு வந்தது, லேசான சளியாக. முட்டை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அக்டோபரில் அதே எச்5என்2, அதே பெயர், அதே பொட்டு, கோழிகளை மந்தை மந்தையாகச் சாய்த்தது. உள்ளே ஒரு சிறு மாற்றம் போதுமாயிருந்தது. கட்டுக்குள் வருவதற்குள் ஒரு கோடியே எழுபது லட்சம் பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. எச்5, எச்7 என்ற எண் சோதனைத் தட்டில் விழுந்தாலே, நோய் லேசாக இருந்தாலும் உஷாராக வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கிருந்து வலுப்பெற்றது. இத்தனைக்கும் இதுவரை அது கோழியின் பிரச்சினைதான். மனிதனுக்கு எச்5 வராது என்பதில் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது.

1997-ன் தொடக்கத்தில் ஹாங்காங்கின் வடமேற்குப் பண்ணைகள் சிலவற்றில் கோழிகள் செத்தன. மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்து இறந்தான். அவனிடம் எடுத்த கிருமி ஃப்ளூதான் என்று தெரிந்தது. எந்த ஃப்ளூ? ஆய்வகத்தின் அலமாரியில் மனிதர்களுக்கு வரும் எச்1, எச்3 ஆகியவற்றின் சாவிகள் இருந்தன. ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். எந்தக் குழியிலும் பொட்டு விழவில்லை. ரத்தம் வலையாகப் படர்ந்து நின்றது. பூட்டு இருக்கிறது, வீட்டில் உள்ள எந்தச் சாவியும் சேரவில்லை.

கிருமி அட்லாண்டாவுக்கும் லண்டனுக்கும் நெதர்லாந்துக்கும் விமானம் ஏறியது. இடையில் ஜூலை 1 வந்தது. ஹாங்காங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்கிச் சீனக் கொடி ஏறியது. ஆகஸ்டில்தான் வெளிநாட்டு அலமாரிகளில், பறவைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த சாவிகளில் ஒன்று சேர்ந்தது. எச்5. கத்திரி என்1. முதலில் யாரும் நம்பவில்லை, ஆய்வகத்தில் ஏதோ கலப்படம் நடந்திருக்கும் என்றார்கள். அதைச் சரிபார்க்கவே நெதர்லாந்திலிருந்து நிபுணர் ஒருவர் ஹாங்காங் வந்தார். கலப்படம் இல்லை. பறவைச் சட்டை போட்ட கிருமி மனிதக் குழந்தையைக் கொன்றிருந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் புதிதாக எவருக்கும் வரவில்லை. தப்பித்தோம் என்று மூச்சுவிட்ட நேரத்தில் நவம்பர் பிறந்தது.

வரிசையாக ஆட்கள் விழுந்தார்கள். மொத்தம் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். கிருமியைத் துரத்திய ஆய்வாளர்கள் உயிருள்ள கோழிகளை விற்கும் சந்தைகளுக்குப் போனார்கள். கூண்டின் மேல் கூண்டாக வாத்து, கௌதாரி, காடை, கோழி. மேல்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டின் தலையில். எச்சத்தைப் பஞ்சால் ஒற்றி, கரு முட்டையில் ஊசி போட்டு, நீரை எடுத்து, கோழி ரத்தம் விட்டு, எச்5 சீரத்தால் மூடிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்து கோழிக்கு ஒன்றில் கிருமி. பிரவுன்ஷ்வைக் கண்காட்சிபோலவே இதுவும் ஒரு கூட்டம்தான். ஆனால் இம்முறை யாரும் கோழிகளைத் திருப்பி அனுப்பவில்லை. டிசம்பர் 29-ஆம் தேதி அரசு ஊழியர்கள், பலரும் கோழியைக் கையில் பிடித்தறியாதவர்கள், ஹாங்காங்கிலுள்ள எல்லாக் கோழிகளையும் கொல்லக் கிளம்பினார்கள். சில நாட்களில் சுமார் 15 லட்சம். புதிய நோயாளிகள் வருவது நின்றுபோனது. சந்தை மறுபடி திறந்தபோது வாத்துக்கும் கோழிக்கும் ஒரே கூரை கிடையாது என்று விதி வந்தது, பின்னர் மாதத்தில் ஒரு நாள் கூண்டுகளைக் காலியாக்கிக் கழுவும் விடுமுறையும் சேர்ந்தது.

ஹாங்காங்கில் அணைந்த நெருப்பின் கங்கு எங்கேயோ மூடிக் கிடந்திருக்கிறது. 2003-ன் இறுதியிலிருந்து கிழக்கு ஆசியா பற்றிக்கொண்டது. 2006 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம், நவாப்பூர் என்ற சின்ன ஊரில் பண்ணைக் கோழிகள் சாகத் தொடங்கின. பண்ணைக்காரர்கள் சொன்ன பெயர் என்ன தெரியுமா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்: ராணிக்கெட். 1926-ன் அதே குழப்பம் எண்பது ஆண்டு கழித்து அதே மாதிரி வந்து நின்றது. பிணத்தைப் பார்த்துக் கொலைகாரனைச் சொல்ல இன்றும் முடியாது. மாதிரிகள் போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போயின. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறை அதற்குள் வந்துவிட்டிருந்தது. சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனாலும் கிருமியை உயிரோடு கையில் பிடிக்கக் கரு முட்டையும் கோழி ரத்தமும் அப்போதும் தேவைப்பட்டன.

பிப்ரவரி 18-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: எச்5என்1, இந்தியாவில் முதல் முறை. நவாப்பூரைச் சுற்றிலும் லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று குழிகளில் புதைத்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் சீக்கு இல்லை, ஆனாலும் முட்டை விலை சரிந்தது. பின்னாளில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் நோய் வந்தபோதெல்லாம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிப்பதும், நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அழிப்பு, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு என்று வரைபடத்தில் வட்டம் போடுவதும் பழகிப்போயின. நாமக்கல் பண்ணைகளுக்கு ஹர்ஸ்டின் சோதனை வேறொரு வழியிலும் பழக்கம்தான். ராணிக்கெட் தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று கோழியின் ரத்தத்தை எடுத்து டைட்டர், அதாவது எதிர்ப்பொருளின் அளவு, பார்க்கிறார்களே, அது இதே பொட்டு, இதே படர்வு.

அந்தக் கணக்கைப் படிக்கும் விதம் மட்டும் எழுபது, எண்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிகளில் கிருமி, சீரம், கடைசியாக ஒரு சதவீதக் கோழி ரத்தம். அரைமணிக்குப் பிறகு பரிசோதகர் தட்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பிடித்தார். மற்றச் சீரங்களின் வரிசைகளில் சிவப்பு அசையாமல் படர்ந்தே நின்றது. எச்5 சீரத்தின் வரிசையில் பொட்டுகள் நகர்ந்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு மெல்லிய கோடாக, கண்ணீர் வழிவதுபோல் கீழிறங்கின.